கம்பி பிரேக்

மேட்டுத் தோட்டத்துக்குக் கம்பெனிக் காகிதத்தில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சிகாமட் ஸ்டேசனில்கூட யாரும் வழி காட்டமாட்டார்கள். ஸ்டேசனிலிருந்து ஏழு மைல். அதில் கடைசி ஒரு மைல் ஒரே ஏற்றம். உச்சியில் தொரை பங்களா, நடுவில் ரப்பர் ஸ்டோரும் கூலிகள் குடியிருக்கும் லயங்களும், அடியில் ஆறும் மரப்பாலமும். ஏறும்போது மாட்டுக்கு நுரை தள்ளும், இறங்கும்போது மனிதன் சாமியைக் கூப்பிடுவான்.

1943ஆம் வருடம் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அந்த இறக்கத்தில் தொரையின் கறுப்பு மோட்டார் காடி பிரேக் பிடிக்காமல் ஓடியது. வெள்ளைக்காரத் தொரை சிங்கப்பூருக்கு ஓடிப்போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பின்சீட்டில் இருந்தது அவன் இடத்துக்கு வந்த ஜப்பான்காரன் ஓகாவா. ஓட்டியது டிரைவர் அமலநாதன். ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் வாளியோடு வரிசையில் நின்ற அவன் மனைவி கத்தரின், ஹாரன் நிற்காமல் அலறுவதைக் கேட்டுத் திரும்பினாள்.

அமலநாதன் நல்ல டிரைவர். அதில் அவன் விரோதிகளுக்கும் சந்தேகம் இல்லை. நேரே போனால் பாலம், பாலத்துக்கு ஒரு பக்கம்தான் கைப்பிடி. அவன் கியரை இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து, அதுவும் கேட்காமல் போகவே, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மணியத்தின் மரவள்ளித் தோட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிட்டான். இருபது வரிசை மரவள்ளியைச் சாய்த்துக்கொண்டு வண்டி நின்றது. ஓகாவாவுக்கு முழங்காலில் அடி, மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் உடைந்து போயிற்று. அவன் நொண்டிக்கொண்டே இறங்கி வந்து அமலநாதனை இரண்டு கன்னத்திலும் அறைந்தான். பிறகு மணியத்தைக் கூப்பிட்டு மலாயில் ஏதோ சொல்லிவிட்டு, நடந்தே பங்களாவுக்கு ஏறிப்போனான்.

மணியம் தன் மரவள்ளியைப் பார்ப்பதா, வந்த செய்தியைச் சொல்வதா என்று தெரியாமல் நின்றார்.

"அமலா, சனிக்கிழம சயாம் ரயிலுக்கு நாப்பது பேரு போகணும்லா. உன் பேரையும் சேத்து நாப்பத்தொண்ணு எழுதச் சொல்லிட்டான்."

"என்னையா? காடி யாரு ஓட்டறது?"

"அதான் சொல்றான். ஓடாத காடிக்கு டிரைவர் எதுக்குன்னு கேக்கறான். வெள்ளிக்கிழம சாயந்தரம் இதே எறக்கத்துல ஓட்டிக் காட்டணும். பிரேக்கு பிடிச்சா உன் பேரை அடிச்சிடலாம். பிடிக்காட்டி மறுநாளு ரயிலு."

சயாமுக்கு முதல் ரயிலில் போன யாரிடமிருந்தும் ஒரு காகிதம் வரவில்லை. அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறார்கள், காலராவில் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள் என்று மட்டும் காற்றுவாக்கில் வந்தது. கத்தரின் வாளியைக் கீழே வைத்தாள். ஆறு வருடத்துக்கு முன்னால் கோயிலில் மோதிரம் மாற்றிய அன்றுகூட அவள் அமலநாதனின் முகத்தை அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

இந்தப் பிரேக்குக்கு ஒரு கதை உண்டு. அந்தக் காடி தோட்டத்துக்கு வந்தபோது கம்பி பிரேக்தான். காலால் மிதித்தால் அடியில் ஒரு குறுக்குத் தண்டு உருளும். அதிலிருந்து நாலு சக்கரத்துக்கும் நாலு கம்பி. கம்பி இழுத்தால் சக்கரத்துக்குள் ஒரு முட்டுக்கட்டை திரும்பி, பிரேக் கட்டைகளை விரிக்கும். ஒன்பது வருடம் அதைப் பழுது பார்த்து வைத்திருந்தவன், ரப்பர் ஸ்டோரில் பால் பிழியும் மிசினைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர் அர்ச்சுனன். அமலநாதனும் அவனும் அப்போது ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள்.

1940இல் வெள்ளைக்காரத் தொரை சிங்கப்பூர் போய் வந்து, புதுக் காடிகளுக்கெல்லாம் எண்ணெய் பிரேக் என்றான். தொரையைவிட டிரைவருக்குத்தான் ஆசை அதிகமாக இருந்தது. டவுனில் ஒரு பட்டறைக்காரன் இரண்டே நாளில் மாற்றிக் கொடுத்துவிட்டான். அர்ச்சுனன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"அமலா, நடுவுல இருக்கிற பம்பு லாரிக்கு உள்ளது. சக்கரத்துல இருக்கிறது குட்டிக் காடிக்கு உள்ளது. இது ரெண்டும் ஒத்துப் போவாது. எண்ணெக் குழாயைப் பொகைக் குழாய் மேலயே போட்டிருக்கான்."

"மிசினுக்கு எண்ணெ போடறவன் மிசினுக்கு எண்ணெ போடட்டும்" என்றான் அமலநாதன், பத்துப் பேர் முன்னால்.

அன்றோடு பேச்சு நின்றது. ஒரே லயத்தில் ஆறு கதவு தள்ளி இருந்துகொண்டு, மூன்று வருடம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள். அப்படி நடப்பதும் ஒரு வேலைதான்.

பிறகு ஜப்பான்காரன் சண்டை வந்தது, பிரேக் எண்ணெய் கடைகளிலிருந்து மறைந்தது. அமலநாதன் பனையெண்ணெய் ஊற்றினான். பம்புக்குள் இருக்கும் ரப்பர் வாசர்கள் தேய்ந்தபோது அவன் கவலைப்படவே இல்லை. கித்தாக் காட்டுக்குள், ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு ஒரு துண்டு ரப்பருக்கு அலைவார்களா என்று, புகைபோட்ட ரப்பர் சீட்டைக் கத்தியால் வட்டம் வட்டமாக நறுக்கி வாசராகப் போட்டான். லயமே அவன் மூளையை மெச்சியது. கத்தரினும் மெச்சினாள். ரப்பர் தோட்டத்துக்காரனைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் புத்தி வந்திருக்காது.

செவ்வாய் மத்தியானமே கத்தரின் அர்ச்சுனன் வீட்டு வாசலுக்குப் போனாள். அவன் மனைவி பேச்சியம்மாள் மரவள்ளிக் கிழங்கைத் துருவிக்கொண்டிருந்தாள். வெயில் கொளுத்தியது, இன்னும் ஒரு மணி நேரத்தில் மழை கொட்டும் என்கிற வெயில். அர்ச்சுனன் உள்ளே ஒரு மிசின் பல்லை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான்.

"அண்ணே" என்றாள் கத்தரின்.

"உள்ள வா தங்கச்சி. கிழங்கு ரொட்டி இருக்கு, சாப்பிடு."

"சாப்பிட வரலண்ணே. விசயம் கேள்விப்பட்டிருப்பீங்க."

"ஹாரன் சத்தம் இங்கயும் கேட்டுச்சு."

"அவங்க செஞ்சது தப்புத்தான். பத்துப் பேரு முன்னால உங்கள அப்படிப் பேசியிருக்கக்கூடாது. நான் அப்பவே சொன்னேன். அவங்களுக்காக நான் மன்னிப்புக் கேக்கறேன். அந்த பிரேக்கை நீங்கதான் ரிப்பேர் பண்ணித் தரணும்."

அர்ச்சுனன் அரத்தை வைத்தான். "முடியாது."

கத்தரினுக்குக் கண் நிறைந்துவிட்டது. பேச்சியம்மாள் துருவுவதை நிறுத்திவிட்டுப் புருசனை முறைத்தாள். "ஏ மனுசா, ஒரு பொம்பள வந்து நிக்கறா. முழுசாச் சொல்லு."

"முழுசாத்தான் சொல்ல வர்றேன், நீ விடு. தங்கச்சி, அந்த எண்ணெ பிரேக்கை ரிப்பேர் பண்ண முடியாது. கெட்டுப் போனதை ரிப்பேர் பண்ணலாம், தப்பாப் பொறந்ததை என்ன பண்றது. அதை மொத்தமாக் கழட்டி வீசிட்டுப் பழைய கம்பி பிரேக்கைப் போடலாம்."

"மூணு நாளுக்குள்ளயா?"

"மூணு நாளுக்கு மேல என் கையிலயும் இல்ல" என்றான் அர்ச்சுனன். அவன் அப்படிச் சொன்னபோது பேச்சியம்மாள் மறுபடி துருவ ஆரம்பித்துவிட்டாள். "ஒரு விசயம். உன் வீட்டுக்காரன் என்கூட வண்டிக்கு அடியில படுக்கணும். மன்னிப்பு கின்னிப்பு ஒண்ணும் வேணாம். ஸ்பானரைப் பிடிக்க ஒரு ஆளு வேணும்."

கத்தரின் அதைச் சொன்னபோது அமலநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே மழை தகரத்தில் இறங்கியது. மழை விட்டதும் எழுந்து, பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, ஸ்டோருக்கு நடந்தான்.

புதன்கிழமை கத்தரின் பால்வெட்டு முடித்துப் பாலை நிறுத்துவிட்டு ஸ்டோருக்கு வந்தபோது, எருமை கட்டி இழுத்து வந்த காடி நாலு மரக்கட்டைகள் மேல் நின்றது. சக்கரங்கள் கழற்றப்பட்டுக் கிடந்தன. வண்டிக்கு அடியிலிருந்து நாலு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நாலு காலுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. "ஒம்பது" என்று ஒரு குரல் கேட்கும். ஒன்பதாம் நம்பர் ஸ்பானர் கை மாறும். "துணி." துணி கை மாறும்.

அர்ச்சுனன் பம்பைக் கழற்றி வெளியே கொண்டுவந்து, ஒரு குச்சியால் உள்ளே தோண்டினான். கறுப்பாக, பிசினாக ஒன்று நூல் நூலாக வந்தது. அவன் அதை விரலில் எடுத்துக் கத்தரினுக்குக் காட்டினான், அமலநாதனுக்குக் காட்டவில்லை.

"இதான் வாசரு."

"ரப்பருதானண்ணே போட்டாங்க?"

"ரப்பருதான். வேகாத ரப்பரு. டயரு, வாசரெல்லாம் கந்தகம் போட்டு வேக வெச்சது தங்கச்சி. நாம சீட்டு அடிச்சுப் பொகை போடறதோட நம்ம வேலை முடிஞ்சிருது. வேக வைக்கிறது சீமையில. இத எண்ணெயில ஊற வெச்சுச் சூடு காட்டினா களியாத்தான் போவும். நாம பொறந்ததுலேர்ந்து ரப்பரோடயே இருக்கோம், ஆனா ரப்பரு என்னன்னு நமக்கு யாரும் சொன்னதில்ல."

அமலநாதன் அடியிலிருந்து வெளியே வந்தான். முகமெல்லாம் எண்ணெய். அவன் அந்தப் பிசினை ரொம்ப நேரம் பார்த்தான். "எட்டு மாசமா இதை நம்பி இந்த எறக்கத்துல ஓட்டியிருக்கேன்" என்றான். மூன்று வருடத்தில் அர்ச்சுனன் காதில் விழும்படி அவன் பேசிய முதல் வார்த்தை அது.

"எட்டு மாசம் ஓட்டினதே பெரிசு" என்றான் அர்ச்சுனன். "வேற ஆளா இருந்தா எட்டு நாளு தாங்காது."

ஒரு நல்ல காரியமும் நடந்திருந்தது. டவுன் பட்டறைக்காரன் பரம சோம்பேறி. பழைய குறுக்குத் தண்டைக் கழற்ற அரை நாள் பிடிக்கும் என்று அதை அப்படியே விட்டுவிட்டு, மிதிகட்டையின் இணைப்பை மட்டும் வெட்டிவிட்டிருந்தான். தண்டு துருவேறிப் போய் அதன் இடத்திலேயே இருந்தது. ஒழுங்கான வேலைக்காரனாக இருந்திருந்தால் அதையும் பிடுங்கி எறிந்திருப்பான் என்று சொல்லி அர்ச்சுனன் அந்தச் சோம்பேறிக்கு ஒரு கும்பிடு போட்டான்.

கம்பிகள்தான் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், பட்டறையிலிருந்து திரும்பி வந்ததும், ஸ்டோருக்குப் பின்னால் வீசியது. நல்ல இரும்பைத் தோட்டத்தில் யார் விட்டுவைப்பார்கள். கத்தரினும் பேச்சியம்மாளும் லயம் லயமாகக் கிளம்பினார்கள். ஒரு கம்பி, புகைக் கொட்டகையில் நெருப்புக் கிளறும் கோலாக இருந்தது, முனை கருகி ஒரு சாண் குறைந்திருந்தது. இன்னொன்றை அந்தோணியார் கோயிலில் திரைச்சீலை மாட்டப் போட்டிருந்தார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சின்னத்தம்பி, அந்தோணியாரைக் கேட்காமல் எப்படித் தருவது என்றார். "தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவருதான அந்தோணியாரு, இப்பக் குடுக்கட்டும்" என்று பேச்சியம்மாள் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிக்கொண்டாள். அவள் இந்து. சின்னத்தம்பி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது, சந்திரமதி வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் குறுக்குச் சட்டம். அவள் கூண்டைப் பிரித்தே கொடுத்தாள், அவள் புருசன் பெயரும் பட்டியலில் இருந்தது. "ஒருத்தராவது தப்பிக்கட்டும்" என்றாள். நாலாவதைத் தேடி மாலைவரை அலைந்தார்கள். கடைசியில் வீட்டுக்கு வந்து, கிழங்கு தோண்டலாம் என்று கொல்லைக்குப் போன கத்தரின், கையில் இருந்த தோண்டுகோலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். இரண்டு வருடமாக அதை வைத்துத்தான் தோண்டிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை முழுக்க உலை எரிந்தது. கருகிப்போன கம்பிக்கு மிசின் உருளையின் உடைந்த தண்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி, இரண்டையும் வெள்ளை நிறத்துக்குக் காய்ச்சி, மணல் தூவி, அர்ச்சுனன் அடித்து ஒட்டினான். ஒட்டிய இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தான். பிறகு கம்பியின் ஒரு முனையை உத்திரத்தில் கட்டி, மறுமுனையில் அமலநாதனைத் தொங்கச் சொன்னான். அமலநாதன் தொங்கினான். கம்பி அசையவில்லை. சக்கரத்துக்குள் போகும் முட்டுக்கட்டைகளில் இரண்டுதான் அகப்பட்டன. மற்ற இரண்டையும் அதே உருளை இரும்பில் அரத்தாலேயே செதுக்கினான். ஒன்றைச் செதுக்கிப் பழையதோடு ஒட்டி வைத்து வெளிச்சத்தில் பிடித்தான், நடுவில் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. மறுபடி ராவினான். வெளிச்சம் போகும்வரை ராவினான். கத்தரின் பதினான்கு வயதிலிருந்து ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிறவள். பட்டைக்குள் கத்தி எவ்வளவு போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்தவள். கையால் பிழைக்கிறவர்களுக்கு இன்னொரு கையைப் பார்த்தால் தெரியும். இப்படிப்பட்ட கையை மூன்று வருடம் வீட்டில் எல்லாரும் பழித்துப் பேசினோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பிரேக் கட்டைகளில் ஒட்டியிருந்த பட்டை பனையெண்ணெய் குடித்து வழவழவென்று கிடந்தது. புதுப் பட்டைக்கு எங்கே போவது என்று இருவரும் தலையில் கைவைத்தபோது, கத்தரின் கேட்டாள்.

"சோப்பு இல்லாத காலத்துல எண்ணெத் துணிய எப்படி வெளுக்கறோம்? சாம்பத் தண்ணியில போட்டு அவிச்சா என்னண்ணே?"

அர்ச்சுனன் அவளைப் பார்த்தான். பிறகு அமலநாதனைப் பார்த்தான். "டே, நீ இந்தப் புள்ளயவே டிரைவராப் போட்டிருக்கலாம்."

அமலநாதன் சிரித்தான். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவன் சிரித்தது அப்போதுதான்.

சாம்பல் தண்ணீர் கொதிக்க, பேச்சியம்மாளும் கத்தரினும் பானையைக் கிண்டிக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் தடவை தண்ணீர் மாற்றியபோதுதான் பானையில் எண்ணெய் மிதக்காமல் நின்றது. பேச்சியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உன் புருசன் தப்பிச்சுக்குவான் கத்தரி. நீ பயப்படாத."

"உங்க வீட்டண்ணன் புண்ணியம்க்கா. ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்."

"அவரு பேரும் இருக்கு."

"எதுல?"

"சயாம் லிஸ்டுல. திங்கக்கிழமயே மணியம் கிராணி வந்து சொல்லிட்டுப் போனாரு. ஒம்பதாவது பேரு. பால் மிசினுக்கு வேலை இல்லியாம், ஜப்பான்காரன் ரப்பரு வாங்கறது கொறஞ்சு போச்சாம்."

கத்தரின் கையிலிருந்த கரண்டி நின்றது. "நேத்து முச்சூடும் நாம சேந்துதான சுத்தினோம். ஏங்க்கா சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னாரு. சொன்னா உன் வீட்டுக்காரன் ஸ்பானரைக் கீழ போட்டுட்டு ஒக்காந்து அழுவானாம். போறதுக்கு முன்னால அந்த எண்ணெ பிரேக்கைப் பிடுங்கி எறிஞ்சிட்டுத்தான் போவேன்னாரு. மூணு வருசமா அந்தக் காடி வீட்டைத் தாண்டிப் போறப்பெல்லாம் பல்லைக் கடிப்பாரு. தெரியுமா உனக்கு?"

கத்தரின் அதை அமலநாதனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சொன்னால் இந்த மனுசன் என்ன செய்வானோ என்று பயம். தன் புருசன் உயிரோடு இருக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் அவள் அன்று ஒரு நல்ல மனிதனைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாள். அது அவளுக்கே தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாம் பூட்டியாயிற்று. கம்பி பிரேக்கில் பூட்டுவது பாதி வேலைதான், மீதி, நாலு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்க வைப்பது. ஒன்று முந்தினால் வண்டி அந்தப் பக்கம் இழுத்து உருண்டுவிடும். வண்டி கட்டைமேல் நிற்க, சக்கரத்துக்கு ஒருவராகக் கத்தரின், பேச்சியம்மாள், சந்திரமதி, மணியம் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். கிராணி மனிதர் கையில் கிரீஸ் பட்டது அன்றுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அமலநாதன் சீட்டில் இருந்து மிதிகட்டையை விரற்கடை விரற்கடையாக அழுத்துவான். சக்கரத்தைச் சுற்றுகிறவர்கள் உரசல் தெரிந்ததும் சொல்ல வேண்டும். அர்ச்சுனன் அடியில் மல்லாந்து கிடந்து கம்பி நட்டைத் திருப்புவான்.

"என்னோடது பிடிக்குது" என்றார் மணியம்.

"முன் வலது அரைத் திருப்பு எளக்கியாச்சு. மறுபடி."

"இப்ப நாலும் ஒண்ணாப் பிடிக்குது" என்றாள் சந்திரமதி.

"இல்லண்ணே" என்றாள் கத்தரின். அவள் பின் இடதில் இருந்தாள். "என்னோடது கொஞ்சம் முந்துது."

"எவ்ளோ?"

"மரத்துல ஒரு சீவு அளவு."

மணியம் தன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். அர்ச்சுனன் அடியிலிருந்து, "கிராணி, அவ சொன்னா அப்படித்தான்" என்று நட்டைக் கால் திருப்புத் திருப்பினான். பிறகு பின் சக்கரம் இரண்டும் முன் சக்கரத்துக்கு ஒரு சீவு முந்தட்டும், இறக்கத்தில் அதுதான் நல்லது என்று, கத்தரினையே நாலு சக்கரத்துக்கும் மாறி மாறி உட்காரவைத்தான். மத்தியானம் மழை வந்து போகும்வரை அவள் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் அவன் வெளியே வந்து முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டு, "போதும்" என்றான். அவன் வாயில் போதும் என்ற சொல் வருவது அபூர்வம் என்று பேச்சியம்மாள் சொன்னாள்.

சாயங்காலம் லயமே ரோட்டோரத்தில் நின்றது. மழை பெய்த மண்ணில் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஓகாவா ஒரு பக்கம் உடைந்த மூக்குக் கண்ணாடியோடு பின்சீட்டில் ஏறினான். நெஞ்சழுத்தம் உள்ள ஆள்தான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பங்களாவிலிருந்து வண்டி இறங்கியது. வேகம் கூடியது. புகைக் கொட்டகையைத் தாண்டியது, லயத்தைத் தாண்டியது, கத்தரின் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டாள். ஈர மண்ணைச் சீவும் சத்தம் கேட்டுத் திறந்தாள். பாலத்துக்கு இருபது அடி முன்னால், கயிறு போட்டுக் கட்டிய மாதிரி நேராக நின்றிருந்தது காடி.

ஓகாவா இறங்கி, பின்னால் போய், மண்ணில் சக்கரம் தேய்த்த தடங்களைப் பார்த்தான். இடது தடமும் வலது தடமும் ஒரே நீளம். குடைக் கம்பால் அளந்தும் பார்த்தான். பிறகு அமலநாதனிடம் திரும்பினான்.

"சியாப்பா பிக்கின்?"

யார் செய்தது என்று அவன் மலாயில் கேட்டது அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்தது. மணியம் தலையைக் குனிந்துகொண்டு தமிழில் வேகமாகச் சொன்னார்: "நீதான்னு சொல்லு அமலா. பேரு அடிபட்டுரும்."

அமலநாதன் கத்தரினைப் பார்த்தான். கத்தரின் அவனைப் பார்த்தாள். சொல்லுங்க, நீங்கதான்னு சொல்லுங்க என்று அவள் மனசு கதறியது. இந்த மனிதன் வாழ்நாளில் இன்னொருவன் வேலையை நல்லது என்று சொன்னதில்லை, அவள் வைத்த மீன்குழம்பைக்கூட. அவன் கூட்டத்தில் நின்ற அர்ச்சுனனைக் கைகாட்டினான்.

"அவன். நான் ஸ்பானர்தான் பிடிச்சேன்."

ஓகாவா பட்டியலை வாங்கினான். ஒன்பதாவது பெயரை அடித்தான். நாற்பத்தொன்றை அடிக்கவில்லை. திருத்தத் தெரிந்தவன் இருக்கட்டும், அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டால் ஓட்ட மட்டும் தெரிந்தவன் எதற்கு என்று மலாயில் சொன்னான். நாளைய ரயில் இல்லை, அர்ச்சுனனுக்கு ஓட்ட வந்ததும் அடுத்த ரயிலில் அமலநாதன் போகலாம். அவ்வளவுதான். அவன் குடையை விரித்துக்கொண்டு நடந்தான்.

வீட்டுக்குள் வந்ததும் கத்தரின் அமலநாதனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க? நான் வேணாமா உங்களுக்கு?"

"செவ்வாக்கிழமயே ஆபீசுல லிஸ்டைப் பாத்துட்டேன் புள்ள. ஒம்பதாவது அவன், நாப்பத்தொண்ணு நான். தெரிஞ்சுக்கிட்டே அவன்கூடப் படுத்து வேலை பாத்தேன். அவன் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அப்புறம் அவன் செஞ்சதை நான் செஞ்சதா எப்படிச் சொல்றது?"

கத்தரின் அழுதாள். கோபத்தில் அழுதாள், பிறகு தான் மறைத்ததை நினைத்து அழுதாள், கடைசியில் எதற்கென்று தெரியாமல் அழுதாள். ஆனால் அன்றுதான் அவளுக்குத் தன் புருசன்மேல் நிஜமான மரியாதை வந்தது. கல்யாணம் ஆகி ஆறு வருடம் கழித்து.

சனிக்கிழமை முப்பத்தொன்பது பேர் லாரியில் ஏறினார்கள். சந்திரமதி பாலம்வரை ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பாடம். சாயந்தரமானால் அர்ச்சுனன் ஓட்டுவான், பக்கத்தில் அமலநாதன். முதல் நாள் ஸ்டோர் ஓரத்துப் பள்ளத்தில் வண்டியை இறக்கினான். இரண்டாம் நாள் மணியத்தின் மிச்ச மரவள்ளியைச் சாய்த்தான். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று, முன்னால் போடு என்றால் பின்னால் போனான். லயத்துப் பிள்ளைகள் அவன் பின்னால் கூச்சல் போட்டு ஓடினார்கள். அரத்தைப் பிடித்தால் மயிரிழை பார்க்கிற கை, ஸ்டீரிங்கைப் பிடித்தால் குரங்கு கையாகப் போயிற்றே என்று பெரியவர்களும் சிரித்தார்கள். ஓகாவா இரண்டு தடவை அறைந்தான். ஒரு தடவை, வண்டி முடுக்கும் இரும்புக் கைப்பிடியைத் தலைக்குமேல் பிடித்தபடி வெயிலில் மத்தியானம் முழுக்க நிற்க வைத்தான். கோணல் வேலையைக் கண்டால் சோறு இறங்காத மனிதன், ஊர் பார்க்கக் கோணல் வேலை செய்துவிட்டு, தலை குனிந்து நின்றான்.

அன்று கத்தரின் தண்ணீர் கொண்டுபோனாள். போகிற வழியில் காடி பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. அவள் நின்று பார்த்தாள். மட்கார்டில் ஒரு கீறல் இல்லை. பள்ளத்தில் கல் இருந்த இடத்தை விட்டு, சேறு இருந்த இடமாகப் பார்த்துத்தான் சக்கரம் இறங்கியிருந்தது. மூன்று வாரமாக அந்த வண்டி மோதியதெல்லாம் மரவள்ளி, லாலான் புல், சேறு. ஒரு கோழிகூடச் சாகவில்லை.

ஓகாவா பங்களாவுக்குள் போன பிறகுதான் அவள் அர்ச்சுனன் பக்கத்தில் போனாள். அவன் உதடு வெடித்திருந்தது.

"அண்ணே, ஓட்டறது இன்னும் வரலியா?"

"பிரேக்கு வந்துருச்சு தங்கச்சி. மத்ததுதான் லேட்டாவுது."

"எத்தன நாளாவும்?"

அவன் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தான். "சயாம்ல பாதை போட்டு முடிக்கற வரைக்கும் ஆவும்போல இருக்கு" என்றான். பிறகு, கைப்பிடியை மறுபடி தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, "நாளைக்கு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போலாம்னு இருக்கேன். அங்க சாணி மெத்துன்னு இருக்கும்" என்றான். கத்தரினுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்போல இருந்தது, யாராவது பார்த்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று குவளையை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

ஆகஸ்டில் இன்னொரு ரயில் வந்தது. ஓகாவாவுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். மணியத்தைக் கேட்கவில்லை, அமலநாதனைக் கேட்கவில்லை. காலையில் பால் நிறுக்கும் கொட்டகைக்கு நேரே வந்து, வரிசையில் நின்ற கத்தரினுக்கு முன்னால் நின்றான். அந்த பிட்டருக்கு ஓட்ட வந்துவிட்டதா, உண்மையைச் சொல் என்றான். 

கத்தரின் வாளியைக் கீழே வைக்கவில்லை. அவன் கண்ணாடியில் உடையாமல் இருந்த ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"பெலும், மாஸ்டர். இன்னும் வரல."

ஓகாவா கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனான். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று ஏழு வயதிலேயே மனப்பாடம் செய்தவள் அவள். சண்டை முடிந்து, சிகாமட் கோயிலுக்குப் பாதிரியார் திரும்பி வந்த பிறகு, நாலு வருடத்துப் பாவத்தையும் மொத்தமாகச் சொல்ல முழங்காலில் நின்றபோது, அவள் அதைச் சொல்லவில்லை.